எழுத்துப் பயிற்சியும் அதன் சமூகத் தளமும்: யாழ்ப்பாணத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

எழுத்தாளர் பிறக்கிறாரா, உருவாக்கப்படுகிறாரா என்னும் வினா நம்மிடையே ஓயாது எழுப்பப்படுகின்றது. யார், எங்கு, எவர் செலவில் எழுதக் கற்றனர் என்று வினவுவதே வரலாற்று நோக்குக்கு இயைவதாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936இல் தோன்றியது. 1941 முதல் அதனை நெறிப்படுத்திய போல் எங்கிள், கெடுபிடிப் போர்க் காலத்தில் றொக்பெல்லர் நிதியம் உட்படப் பெருமுதலாளித்துவ நிறுவனங்களின் ஆதரவைத் திரட்டினார். தனிமனித அநுபவத்தைப் புலன்வழி காட்டவேண்டும், கருத்துரைக்கலாகாது என அங்கு வேரூன்றிய நியதியை அவ்வரசியற் சூழலோடு இணைத்து எரிக் பெனற் 2015இல் ஒரு நூலாக ஆராய்ந்துள்ளார். மொஸ்கோவில் 1933இல் கோர்க்கியின் முன்முயற்சியால் எழுந்த நிறுவனமோ, தொழிலாளருக்கான மாலைநேர இலக்கியப் பல்கலைக்கழகமாகவே தொடங்கியது. அவார் மொழிக் கவிஞர் ரசூல் கம்சாதவ் அங்கு பயின்றவர். சோசலிச யதார்த்தவாதம் அங்கே பாடமாகவும் தணிக்கையாகவும் ஒருசேர இயங்கியதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் எழுதக் கற்பிக்கும் மரபே இருக்கவில்லை என்பது பொருந்தாது. காரிகை கற்று வெண்பாவும் அந்தாதியும் யாத்துப் பழகுதல் பண்டித மரபின் பயிற்சி. 1921இல் நிறுவப்பட்ட ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பாலபண்டித, பண்டித பரீட்சைகள் மரபுவழித் தமிழ்க் கல்விக்கு நிறுவன வடிவம் அளித்தன. ஆயின் நிலவுடைமைச் சாதியமைப்பில் திண்ணையில் அமர அனுமதிக்கப்பட்டோருக்கே அக்கல்வி பெரும்பாலும் கிட்டிற்று.

அத்திண்ணைக்கு வெளியே நின்றவர்கள் கே. டானியலும் டொமினிக் ஜீவாவும். பள்ளிக் கல்வியை இடைநடுவில் இழந்த இவர்களை உருவாக்கியவை பொதுவுடைமை இயக்கத்தின் வாசிப்பும் விவாதமும், 1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், 1959-61 காலத்திற் கைலாசபதி ஆசிரியராயிருந்த 'தினகர'னின் பக்கங்களுமே. கஸ்தூரியார் வீதியில் ஜீவாவின் சலூன் இருந்தது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' அங்கிருந்தே வெளிவரத் தொடங்கியது. முடிவெட்ட வந்தவரும் கதை கொண்டுவந்தவரும் ஒரே வாங்கிற் காத்திருந்த பட்டறை அது எனலாம். கட்டணமில்லை, பட்டமுமில்லை. 1960களின் முற்பகுதியில் மூண்ட மரபுப் போராட்டத்திற் பேச்சு மொழியை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் சாடியதன் உட்கிடை வெறும் இலக்கணப் பற்றன்று. தம் அனுமதியின்றி எழுதவந்தோர் எவர் என்பது அவர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது.

எனினும் முற்போக்கு முகாமின் பயிற்சி குறையற்றதெனக் கூறுவது நேர்மையாகாது. கதை முடிவிற் கிழக்கு சிவந்தேயாக வேண்டும் என்ற வாய்பாடு பலரை எழுதவைத்தது. அவர்களிற் சிலரை அங்கேயே நிறுத்தியும் விட்டது. டானியலின் 'பஞ்சமர்' (1972) இன்றும் வாசிக்கப்படுவதற்குக் காரணம், கிராமத்துச் சாதிய உறவுகளை உள்நின்று அறிந்த அதன் நுணுக்கமே. சலூன் வாங்கு ஆண்களின் இடம் என்பதையும் நமது விமர்சனம் நெடுங்காலம் காணவில்லை. 1986இற் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பை வெளியிட்டபோதுதான் வேறொரு களம் உருவாகியிருந்தமை பலருக்குப் புலனாயிற்று.

'மல்லிகை' 2012 வரை வெளிவந்தது. ஜீவா 2021இல் மறைந்தார். அந்த வாங்கு இன்றில்லை. அதற்கீடாகப் பல்கலைக்கழகத்திற் படைப்பெழுத்தைப் பாடநெறியாக்குவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறே அதன் அனுமதிச் சீட்டாகுமாயின், டானியலோ ஜீவாவோ அதன் வாயிலைக் கடந்திருக்க முடியாது. பகலில் உழைப்போர் மாலையில் வந்தமரும் வகுப்பொன்றைச் சான்றிதழ் கேளாது திறப்பதிலிருந்தே நமது தமிழ்த்துறைகள் இதனைத் தொடங்கலாம்.