வேலிக்கு யார் சாட்சி?

“வேலிக்கு ஓணான் சாட்சி” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லுதல் ஏற்கத்தக்கதன்று என்பதே அதன் கருத்து. “வேலியே பயிரை மேய்ந்தது” என்னும் மற்றொன்று காவலின் துரோகத்தைச் சுட்டுகிறது. பெருவழக்கான இவ்விரண்டிலும் பயிர் உண்டு, ஓணான் உண்டு. வேலிக்கு அப்பால் வாழும் அயலவர் இல்லை. வயல்வேலியை மனங்கொண்டு பிறந்த இம்மொழிகள் வளவு வேலிக்குப் பொருந்துமா என்பதைக் காரைதீவை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு, வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் ஆகிய முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே அமைந்த தமிழூர். வீட்டையும் வளவையும் பெண்மக்களுக்குச் சீதனமாக வழங்கும் மரபு இக்கரையோரத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. தாயின் வளவு மகளிரிடையே பிரியும். அம்மகளிரின் பங்குகள் பேத்தியரிடையே மீண்டும் பிரியும். ஆகவே, வேலியின் மறுபுறத்தில் நிற்பவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். உடன்பிறந்தாளோ பெரியம்மாவின் மகளோ ஆவர். சீதனப் பங்கீட்டில் சொல்லப்படாது போன மனக்குறைகள் பின்னர் வேலிச் சண்டையாக வெளிப்படுவதுண்டு என்பது மனங்கொளத்தக்கது.

இனி, எல்லை எவ்வாறு இடம்பெயர்கிறது எனக் காண்போம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியன உயிர்வேலிகள். நட்ட கதியால் பருத்து மரமாகும், உக்கியது விழும், விழுந்ததன் அருகே புதியது நடப்படும். இருபது ஆண்டுகளில் கோடு ஓரடி நகர்வதற்கு எவருடைய சூழ்ச்சியும் தேவையில்லை. ஆயினும் அந்த ஓரடி அச்சத்தை விளைவிக்கிறது. நீடித்த ஆட்சியால் உரித்துப் பெறுதலைக் கூறும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், எதிருரிமையோடு இடையறாது பத்தாண்டு ஆண்டவருக்கு உரித்தளிக்கிறது. பேசாதிருந்தால் பறிபோகும் என எண்ணுபவர் பேசத் தொடங்குகிறார், பேச்சு ஏச்சாகிறது. வேலிச் சண்டைகளைப் பேராசையின் விளைவென்று மட்டும் கூறி ஒதுக்குவது அரைகுறையான விளக்கமேயாம்.

வழக்குத் தீர்வு தருமா? 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணிப் பிணக்கால் அமைதி குலையும் என்ற நிலையில் பயன்படுவது. அங்கு நீதிமன்றம் வளவை ஆள்பவர் யார் எனப் பார்க்கிறதேயன்றி, இறுதி உரித்தைத் தீர்ப்பதில்லை. உரித்து வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. இதனை உணர்ந்தே 1958இல் இணக்க சபைகளும், அவை ஒழிந்தபின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகளும் தோன்றின. சட்டத்தரணிகளின் வாதமின்றி இரு தரப்பாரும் நேரே பேசும் களம் அது.

இக்களத்தின் நியாயத்தை நமது காணி உறுதிகளே உரைக்கின்றன. வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் தென்னந்தோட்டம் என்றே பழைய உறுதிகள் எல்லை கூறும். என் உறுதியில் அயலவர் பெயரும் அவர் உறுதியில் என் பெயரும் உள. பழமொழி எள்ளிய பரஸ்பர சாட்சியமே இங்கு உரிமையின் அத்திவாரமாகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை காரைதீவுக் கரையை அழித்தபோது வீடுகளோடு வேலிகளும் அள்ளுண்டன. காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி இருக்கலாம். ஆனால் அது மணலில் கோடு கீறாது. அடையாளம் அழிந்த நிலத்தில் ‘இங்கேதான் உங்கள் வேலி நின்றது’ என்று கூறத்தக்கவர் அயலவர் ஒருவரே. பண்டைய உரோமரும் பெப்ரவரி 23இல் எல்லைக் கல்லுக்கு விழா எடுத்தனர். கல்லின் இருபுறத்து உரிமையாளரும் தத்தம் பக்கத்தில் மாலை சூட்டினர். எல்லை இருவருக்கும் உரியது என்னும் உணர்வு அவ்விழாவில் துலங்குகிறது.

எனினும் இணக்கம் என்ற சொல்லை ஆராயாது போற்றுதல் தகாது. தனித்து வாழும் கைம்பெண்ணை நோக்கி ‘விட்டுக்கொடு’ என்பது மத்தியஸ்தமன்று. வலியவருக்குச் செய்யும் துணையாகும். மேலும், தமிழ் வளவும் முஸ்லிம் வளவும் அடுத்தடுத்துள்ள ஒழுங்கைகளில் இரு குடும்பங்களின் பிணக்கை இரு சமூகங்களின் பகையாகப் பெயர்த்துரைக்கும் ஆபத்தும் உண்டு. ஓரடி நிலத்தின் வழக்கு ஓரடி நிலத்தின் வழக்காகவே இருத்தல் வேண்டும். அளவுக்கு மேல் அதனை வளர்ப்போர் எத்தரப்பினராயினும் கண்டிக்கத்தக்கவரே.

எனவே செய்யத்தக்கது எளிது. கதியாலை வெட்டுமுன் அயலவரை அழைத்தல். ஐயம் எழுந்தால் இருவரும் செலவைப் பகிர்ந்து, இருவர் முன்னிலையில் நில அளவையாளரைக் கொண்டு அளப்பித்தல். முடிவை எழுதிக் கையொப்பமிடல். அதன்பின் வேலியைச் சேர்ந்தே அடைத்தல். இவை வெறும் நல்லொழுக்க விதிகளல்ல. அவரவர் உரிமையைக் காக்கும் வழிகளுமாம். அயலவரைப் பகைத்தவர் தம் எல்லைக்குரிய முதற் சாட்சியையே இழந்தவராவர்.