அண்மையும் ஒப்புமையும்: தொடர்புடைய சொற்களைப் பரிந்துரைக்கும் மென்பொருள்கள் குறித்த ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: சொல்லுறவு, திசையன், நிகண்டு, தேவரடியார், இசை வேளாளர்

கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என, தென்சென்னையில் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் தமிழாய்வுக்குரிய மூலங்கள் பெருமளவில் திரண்டுள்ளன. முன்பு அட்டைப்பட்டியலைப் புரட்டிய ஆய்வாளர் இன்று சொல்லைத் தட்டச்சு செய்து தேடுகிறார். இத்தகைய தேடல் எழுத்தொப்புமையோடு நின்றுவிடுவதில்லை. தேடிய சொல்லுக்கு ‘நெருங்கிய’ சொற்களையும், படித்த நூலுக்கு ‘ஒத்த’ தலைப்புகளையும் மென்பொருளே முன்வைக்கும் முறை பரவி வருகிறது. அந்நெருக்கம் எவ்வகைப்பட்டது என்பதை மட்டும் அது கூறுவதில்லை. சமூக வரலாற்றாய்வில் இது சிறு குறையன்று.

ஒரு சொல்லின் பொருளை அதனைச் சூழ்ந்து வரும் சொற்களைக் கொண்டு அறியலாம் என்னும் கருத்தை செல்லிக் ஹாரிஸ் (1954), ஜே.ஆர். ஃபிர்த் (1957) ஆகிய மொழியியலாளர்கள் முன்வைத்தனர். 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்டுடூவெக் இதனைக் கணினிக்கு உரியதாக்கியது. பெருந்தரவில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எண்களின் வரிசையாக, அதாவது திசையனாக மாற்றப்படுகிறது. ஒத்த சூழல்களில் வரும் சொற்களின் திசையன்கள் அருகருகே அமைகின்றன. நூல்களை ஒப்பிடும்போது பலவற்றிலும் வரும் சொல்லுக்குக் குறைந்த எடையும் அரிய சொல்லுக்கு மிகுந்த எடையும் தரும் முறை, கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. (ஆய்விதழ்களில் இடப்படும் திறவுச்சொற்களும் ஒருவகைப் பரிந்துரைகளே. கட்டுரை முடிந்தபின் அவசரமாகச் சேர்க்கப்படும் ‘தமிழ்’, ‘இலக்கியம்’ போன்றவற்றுக்கு இக்கணக்கில் ஏறத்தாழ எடையே இராது.)

சூழல் பொருளைத் தெளிவிக்கும் என்பது தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுபெறும் எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுக்கிறது. ‘மா’ என்பது பூத்தலோடு வந்தால் மரம். ஓடுதலோடு வந்தால் விலங்கு. ஆயின் தொல்காப்பியர் சூழலைக் கொண்டு ஒரு சொல்லின் பொருள்களைப் பிரிக்கிறார். மென்பொருள் அதே சூழலைக் கொண்டு பல சொற்களைச் சேர்க்கிறது. வேர்டுடூவெக் ‘மா’வுக்குத் தருவது ஒரே திசையன், மரமும் விலங்கும் நில அளவும் அதனுள் கரைந்துபோகின்றன. சூழலுக்கேற்பத் திசையனை மாற்றும் பெர்ட் (2018) முதலிய மாதிரிகள் இக்குறையைப் பெரிதும் களைந்துள்ளன. உறவின் வகையைச் சொல்லாமை அவற்றிலும் தொடர்கிறது. ‘வெப்பம்’, ‘குளிர்’ என்னும் எதிர்ச்சொற்கள் ஒரே சூழல்களில் பயில்வதால் அவையும் நெருங்கிய சொற்களாகவே எண்ணப்படும்.

திவாகர நிகண்டு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அதன் 12 தொகுதிகளுள் முதல் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருகின்றன. பதினொன்றாவது ஒருசொல் பல்பொருளையும், பன்னிரண்டாவது தொகைப்பெயர்களையும் உரைக்கின்றன. மூன்றும் வெவ்வேறு உறவுகள் என்பதில் நிகண்டாசிரியருக்கு ஐயம் இருந்ததில்லை. திசையன் வெளியில் இம்மூன்றும் ஒரே எண்ணாகின்றன.

இதன் விளைவை ஒரு சொற்குழுவில் காணலாம். அடையாறு ஔவை இல்லத்தை 1930இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியின் பணியை ஆராய்பவர் ‘தேவதாசி’ என்று தேடுகிறார் எனக் கொள்வோம். தேவரடியார், தளிச்சேரிப் பெண்டுகள், பொட்டுக்கட்டுதல், இசை வேளாளர் ஆகியன நெருங்கிய சொற்களாக வர வாய்ப்பு மிகுதி. கோயில், நடனம், இசை என்னும் சூழல் இவற்றுக்குப் பொது. ஆனால் தளிச்சேரிப் பெண்டுகள் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் குடியமர்த்திய 400 பெண்கள். சோழர் காலத்துக் கோயிற்பெண்டிரை இருபதாம் நூற்றாண்டுத் ‘தேவதாசி’ என்னும் கருத்துவழியே வாசிப்பது பொருந்தாது என லெஸ்லி ஓர் தம் நூலில் (2000) கல்வெட்டுச் சான்றுகளால் நிறுவியுள்ளார். அவர் முயன்று பிரித்ததை ஒரு பரிந்துரைப் பட்டியல் நொடியில் மீண்டும் ஒட்டிவிடும்.

‘இசை வேளாளர்’ என்பதன் நிலை இன்னும் நுட்பமானது. அது பழைய பெயரின் இழிவைக் களையும் பொருட்டும் ஒரு சமூகம் இருபதாம் நூற்றாண்டில் தனக்கெனத் தேர்ந்துகொண்ட பெயர். பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய எழுத்துகளில் இரு பெயர்களும் அடுத்தடுத்து வருவது இயல்பு. அப்பெயர் பழையதை விலக்க வந்தது என்பதாலேயே அவ்வாறு வருகின்றன. மென்பொருளுக்கு அவ்விலக்கலும் நெருக்கமே. விளைவாக, நாகசுரக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படிப்பவர்முன், அவர் குடும்பம் விட்டுவந்த பெயர் ‘ஒத்த தலைப்பாக’ வந்து நிற்கும்.

இதற்கு நிகண்டுக்குத் திரும்புவது மட்டும் தீர்வாகாது. நிகண்டும் காலம் காட்டுவதில்லை. உயர்வும் இழிவுமான பெயர்களை ஒரே நிரையில் வைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) இங்கு கூடுதலாக உதவும். அது பொருள்தோறும் எடுத்தாளும் மேற்கோள் நூல்களைக் கொண்டு சொல்லாட்சியின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், தொகைப்பெயர், முற்காலப் பெயர், கைவிடப்பட்ட பெயர் என உறவைக் குறியிடும் பணி மனித உழைப்பை வேண்டுவது. திசையன்கள் அவ்வுழைப்புக்குரிய முதல்நிலைப் பட்டியலைத் தரும் அளவில் பயனுடையவை; முடிந்த முடிபாக வாசகர்முன் வைக்கத்தக்கவை அல்ல. ‘இசை வேளாளர்’ என்று தேடுபவருக்குத் ‘தேவதாசி’ பரிந்துரைக்கப்படுமாயின், எந்த ஆண்டின் எந்த நூல் அவ்விரண்டையும் சேர்த்துரைத்தது என்பதும் அதனருகிலேயே காட்டப்பட வேண்டும்.