குமரி நாட்டில் சிலுவைப் பலியின் விளக்கங்கள்

கிறிஸ்துவின் மரணம் மனிதர்களின் பாவத்திற்காக நிகழ்ந்தது என்பதில் சபைகளுக்குள் பேதமில்லை. அம்மரணம் எவ்விதம் இரட்சிப்பைத் தருகிறது என்ற வினாவிற்கே விடைகள் பலவாகப் பிரிகின்றன. 451ஆம் ஆண்டில் கூடிய கல்கெதோன் சங்கம் கிறிஸ்துவின் தெய்விகத்தையும் மனுஷீகத்தையும் வரையறுத்ததேயன்றி, பலியின் தத்துவத்தை ஒரு சூத்திரத்தில் அடக்க முற்படவில்லை. அதனால் வளர்ந்த பல்வேறு மரபுகளையும், கன்னியாகுமரி மாவட்டத்திற்குள் ஒருநாள் பிரயாணத்திலேயே கண்டுவிடலாம்.

1806இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது முதல் லண்டன் மிஷன் சபைகளில் வேரூன்றியது பதிலாள் பலி என்னும் விளக்கம். பாவத்தினால் தேவனுடைய மகிமைக்கு நேர்ந்த குறையை மனிதன் ஈடுசெய்ய இயலாமையால், தேவனே மனிதனாகி ஈடுசெய்தார் என்று 1098இல் ஆன்செல்ம் எழுதி முடித்த நூலின் வாதத்தை, பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் தண்டனையின் மொழிக்கு மாற்றினர். பாவத்தின் கனத்தை இதைப்போல் உணர்த்தும் விளக்கம் வேறில்லை. ஆயினும், கோபங்கொண்ட பிதா ஒருபுறமும் அடிபடும் குமாரன் மறுபுறமுமாகப் பிரசங்கி பிரித்து நிறுத்திவிடுவாராயின், அது திரித்துவ விசுவாசத்திற்கே இழுக்காகும். பிதாவும் குமாரனும் ஒரே சித்தமாய்ச் செய்த தியாகம் என்பதைக் காப்பதே எந்த விளக்கத்திற்கும் உரைகல் என்பது என் கருத்து. பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனையில் தியானிக்கும் ஏழு சிலுவை வசனங்களுள் முதல் வசனமே மன்னிப்பிற்கான விண்ணப்பமாய் அமைந்திருக்க, அதைச் சில நிமிடங்களில் கடந்து, நான்காம் வசனத்தில் நியாயஸ்தலத்தைக் கட்டியெழுப்பும் பிரசங்கங்களை நாம் கேளாததில்லை!

கோட்டாற்றுக் கத்தோலிக்க மரபில் அப்பலி, முடிந்துபோன சம்பவமாக மட்டும் கருதப்படுவதில்லை. கல்வாரியில் ஒருமுறை செலுத்தப்பட்ட அதே பலி திருப்பலியில் இரத்தம் சிந்தாத முறையில் பிரசன்னமாகிறதென்று 1562இல் திரெந்து சங்கம் உரைத்தது. பீடத்தின் முன் முழந்தாளிடும் எளிய மீனவப் பெண்ணுக்கும் அது புரியும். மார்த்தாண்டம், தக்கலை மறைமாவட்டங்களின் சுரியானி வழிபாட்டிலோ மரணத்தை மரணத்தால் வென்றவரின் ஜெயமே ஓங்கி ஒலிக்கிறது. மேலைநாட்டார் மறந்த இந்தப் புராதன விளக்கத்தைச் சுவீடன் நாட்டு ஔலேன் இருபதாம் நூற்றாண்டில்தான் மீண்டும் எடுத்துரைத்தார். இரட்சணிய சேனையாரோ சாக்கிரமெந்துகளை அனுசரியாதபோதிலும், இரத்தமும் அக்கினியும் என்னும் சொற்களைத் தங்கள் கொடியிலேயே பொறித்திருக்கின்றனர்.

இவ்விளக்கங்கள் எல்லாவற்றையும்விடத் தமிழ் நெஞ்சத்தை உருக்கியது அன்பின் வழி. சிலுவையில் வெளிப்பட்ட அன்பே மனிதனின் கல்நெஞ்சை இளக்கி அவனைத் தேவனிடம் திருப்புகிறது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்டு கூறியது, பக்திப் பாசுரங்களில் ஊறிய நமக்கு அந்நியமாய்த் தோன்றவில்லை. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், பனியனின் கதையைத் தழுவியதாயினும், மூலத்தில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளை விரிவாய்ப் பாடிச் சேர்த்துக்கொண்டது. உருக்கத்தை ஈட்டின் தத்துவத்தோடு பிணைத்த அப்புலவரின் நிதானத்தைப் பின்வந்த பாடலாசிரியர் பலரிடம் காண முடியவில்லை.

இங்கு ஓர் எல்லையையும் குறிக்க வேண்டும். நட்டாலத்தில் பிறந்து, மார்த்தாண்டவர்மரின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்து, 1745இல் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு மாண்ட தேவசகாயம் பிள்ளை, 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கோட்டாற்றுப் பேராலயத்தில் அவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவோர் பலர் அவருடைய மரணத்தையும் பலி என்றே கூறுவர். அவ்வாறு கூறுவதில் குற்றமில்லை. ஆனால் திருச்சபையின் சாஸ்திரப்படி அது சாட்சியின் மரணம்: பிறர் பாவத்திற்கு ஈடு அன்று, ஏற்கெனவே செலுத்தப்பட்ட ஈட்டிற்குக் கொடுத்த பதில்.