நடுகல்லும் சிறுகலமும்

சிறு பாடல்களில் பொருள்கள் பேசுகின்றன. ஆயின், அவை பேசி முடிக்குமுன்னரே அவற்றின் கருத்தை நாம் உரைத்துவிடுகின்றோம். அருளுரை ஆற்றிப் பழகிய நம்மிடம் இக்குறை சற்று மிகுதி. புறநானூற்றின் 232ஆம் பாடலைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் இது. அடிகள் ஆறே. அவற்றில் நாம் காணும் பொருள்கள் மூன்று: நடப்பட்ட கல், அதற்குச் சூட்டிய மயிற்பீலி, நாரால் வடித்த கள்ளை ஊற்றும் சிறுகலம். உயர்ந்த மலைகளையுடைய நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன், இதனைக் கொள்வானோ என்று புலவர் வினவுகின்றார்.

மாணவப் பருவத்தில் இப்பாடலின் ஓரத்தில் ‘சடங்கின் வெறுமை’ என்று குறித்து வைத்திருந்தேன். பல்லாண்டுகள் அக்குறிப்பு எனக்கு நிறைவளித்தது.

பின்னர் மாரண்டஹள்ளியில் வாழ நேர்ந்தது. நடுகற்கள் மிகுந்த மாவட்டம் அது. அவற்றுட் சில இன்றும் வேடியப்பன் என வழிபடப்பெறுகின்றன. ஆனால், என் குறிப்பைத் திருத்தியது கல் அன்று. துக்க வீடொன்றில், இறந்தவரின் படத்தின்முன் அவர் மனைவியார் ஒரு குவளைக் காப்பி வைத்திருந்தார். என்னைக் கண்டதும், “குடிப்பாருங்களா, ஐயா?” என்றார். விடை வேண்டிக் கேட்ட வினாவன்று அது. விடையும் என்னிடம் இல்லை.

அன்றிரவு அப்பாடலை மீண்டும் எடுத்தேன். அதே புலவர் அதே மன்னனுக்குப் பாடிய 235ஆம் பாடலையும் உடன்வைத்துப் படித்தேன். கள் சிறிதளவே கிடைத்தால் அவன் அதனைப் பாணர்க்கு ஈவான்; மிகுதியாகக் கிடைத்தால் அவர்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்கிறது அது. ஆகவே, சிறு பங்கு என்றும் பாணருடையது; அவன் அதனை ஒருகாலும் ஏற்றதில்லை. இன்றோ அச்சிறுபங்கே அவன்முன் ஊற்றப்படுகிறது. கொடுத்தவன் பெறுபவனாகிவிட்டான். சிறுகலம் தாங்கும் துயரம் இதுவே.

கல் கள்ளை ஏற்குமோ என்ற ஐயமும் அவ்வினாவில் இல்லையோ எனலாம். உண்டு. ஆயினும், ஊற்ற வேண்டா என்று ஔவையார் விலக்கவில்லை. காலையும் மாலையும் இல்லாதொழிக, தம் வாழ்நாளும் அற்றுப்போக என்றன்றோ பாடலைத் தொடங்குகின்றார்? சடங்கை மறுத்து வாதிடுவோர் இவ்வாறு தொடங்கார்.

இலக்கியத்தில் ஒரு பொருளைக் காணும்போது, அது எதனைக் குறிக்கிறது என்று கேட்பதில் தவறில்லை. அதற்குமுன், அது யார் கையில் இருந்தது, இப்போது யார்முன் இருக்கிறது என்று கேட்டல் வேண்டும். ஓரத்தில் எழுதிய பழைய குறிப்பை நான் அழிக்கவில்லை. அதனருகே ஒரு வினாக்குறி மட்டும் இட்டேன்.