உயிர்த்தெழும் உடல்: ஒரு சொல்லாராய்ச்சி

மாண்டோர் உடலோடு எழுவர் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும். அவ்வுடல் எத்தகையது என்னும் வினாவுக்குப் பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரம் விடை கூறுகின்றது. அவ்விடை தமிழில் எங்ஙனம் உருப்பெற்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பவுலடிகள் எடுத்தாண்ட உவமை விதையாகும். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் நெல் விதைப்போருக்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது. விதை மண்ணுள் தன் உருவை இழக்கின்றது. எழும் பயிர் விதையின் வடிவினதன்று. எனினும் நெல் விதைத்த வயலில் நெல்லே எழும். மாற்றமும் தொடர்ச்சியும் ஒருங்கமைதலே இவ்வுவமையின் உயிர்நிலை.

இனி, சொற்களை நோக்குவோம். புரட்டஸ்தாந்தரிடையே நெடுங்காலமாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, விதைக்கப்படுவதை ‘ஜென்மசரீரம்’ என்றும், எழுவதை ‘ஆவிக்குரிய சரீரம்’ என்றும் குறிக்கும். கிரேக்க மூலத்தில் முன்னது உயிரெனப் பொருள்படும் சொல்லடியாகவும், பின்னது ஆவியெனப் பொருள்படும் சொல்லடியாகவும் பிறந்தவை. இவை உடல் எதனால் ஆயது என்பதையன்றி, எதனால் இயங்குவது என்பதையே உணர்த்துவன என்பர் ஆய்வாளர் பலர்.

‘ஜென்மம்’ என்னுஞ் சொல் சைவ மரபில் வந்தோருக்குப் பிறவித் தொடரை நினைவூட்டும். அதனால் ‘ஆவிக்குரிய சரீரம்’ என்பதைச் சூக்கும சரீரமெனக் கொள்ளுதல் எளிதாகின்றது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சூக்கும சரீரம் வாழ்வோரிடத்தும் உள்ளது. பருவுடல் நீங்கியபின் உயிரோடு செல்வது. வீடுபேற்றில் தானும் நீங்குவது. எழும் உடலோ முடிவுநாளில் ஒருமுறை இறைவனால் அளிக்கப்படுவது, பின்னர் நீங்காதது. உடல் கழிதல் அங்கே விடுதலை. உடலும் மீட்கப்படுதல் இங்கே விடுதலை.

‘ஆவி’ என்னுஞ் சொல்லிலும் இடர்ப்பாடு உண்டு. லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில், எழுந்த இயேசுவைக் கண்ட சீடர் ஆவியெனக் கருதி அஞ்சினர். அவர் தம் கைகால்களைக் காட்டி, மீனை உண்டு அவ்வச்சத்தைப் போக்கினார். மூலத்திலும் இரு இடத்தும் சொல் ஒன்றே. ஆயின் பொருள் வேறு. யோவான் நற்செய்தியோ, அடைத்த கதவுகளுக்கிடையே வந்தவர் தம் காயங்களைத் தோமாவுக்குக் காட்டினார் என்கின்றது. எழுந்த உடல் பழைய வரம்புகளைக் கடந்தது. ஆயினும் பழைய வடுக்களை இழந்திலது.

இவ்வாராய்ச்சி வெறுஞ் சொற்போர் அன்று. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருநாட் காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் குழந்தைகள் பலர் மாண்டனர். இத்தகைய துயரின்முன் எழும் உடல் பற்றிய வினா கல்விக்கூட வினாவாக நில்லாது. இறந்த குழந்தைகள் வளர்ந்திருப்பின் பெற்றிருக்கக்கூடிய முழுமையோடு எழுவர் என்றும், மறைசாட்சிகளின் வடுக்கள் குறையாகவன்றி மாண்பாகவே விளங்கும் என்றும் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் 22ஆம் பகுதியில் அகுஸ்தீனார் கருதினார். நிழல் மீளும் என்பது இவ்வாறுதலன்று. இழந்த அதே குழந்தை மீளும் என்பதே.

ஆதலின் ‘உயிரால் இயங்கும் உடல்’, ‘தெய்வ ஆவியால் இயங்கும் உடல்’ என்னும் தொடர்கள் மூலக்கருத்துக்கு அணுக்கமானவை. இக்கொள்கையை ஏற்றலும் மறுத்தலும் அவரவர் சமயத்தின்பாற்பட்டன. ஆயினும் பிறர் நம்பிக்கையைத் தம் மரபின் சொல்லுக்குள் அடக்கிக் காண்போர், ஏற்பதும் மறுப்பதும் அந்நம்பிக்கையை அன்று. தம் சொல்லின் நிழலையே.