சாலையை அடைத்து ஓட்டிய பந்தயம்

1903 மே 24 அன்று வெர்சாயிலிருந்து மாட்ரிட் நோக்கிப் பாய்ந்த கார்கள் போர்தோவைத் தாண்டவில்லை. பிரெஞ்சு அரசே பந்தயத்தை அங்கே நிறுத்திவிட்டது. புழுதியில் முன்னால் போகும் வண்டியும் தெரியவில்லை, சாலையில் இறங்கி நின்ற கூட்டமும் தெரியவில்லை. ஓட்டுநர்கள், பார்வையாளர்கள் எனப் பலர் பலியானார்கள். ரெனோ சகோதரர்களில் ஒருவரான மார்செலும் தப்பவில்லை.

ஆறு வாரம்கூட ஆகவில்லை, அடுத்த பெரிய பந்தயம் வந்துவிட்டது. அது கார்டன் பென்னட் கோப்பை. 1902இல் பிரிட்டனின் எட்ஜ் நேப்பியர் காரில் வென்றிருந்ததால், விதிப்படி இந்த முறை நடத்த வேண்டியது பிரிட்டன். அங்கே வேக வரம்போ மணிக்கு 12 மைல்! அந்த வேகத்தில் பந்தயமா? நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, அயர்லாந்தில் அதாய் நகரை ஒட்டிய சாலைகளை அன்றைக்கு மட்டும் அடைக்க வழிசெய்தது.

அடைத்த சாலைகளைச் சுற்றுப்பாதையாக்குவது புதிய யோசனையல்ல. முந்தைய ஆண்டே பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் சாலைகளையே சுற்றாக்கி ஓட்டியிருந்தார்கள். ஜெயித்தவர் சார்லஸ் ஜாரட். அயர்லாந்தில் பாதை எட்டு வடிவம், பந்தய தூரம் மொத்தம் சுமார் 527 கிலோமீட்டர். காவலுக்கு ஆயிரக்கணக்கில் போலீஸ். ஊர்களுக்குள் மட்டும் சைக்கிள்காரர் முன்னால் மிதிக்க, பந்தயக் கார்கள் அவர் பின்னால் ஊர்ந்தன. பார்க்க வேடிக்கைதான், ஆனால் மிகச் சரியான ஏற்பாடு.

ஜூலை 2 அன்று 12 கார்கள் கிளம்பின. ஜெர்மனியின் மெர்சிடிஸ் அணி கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. பந்தயத்துக்கென்று செய்த 90 குதிரைசக்தி கார்கள் தொழிற்சாலைத் தீயில் கருகிவிட்டன. வாடிக்கையாளரிடம் இரவல் வாங்கிய 60 குதிரைசக்தி காரில்தான் பெல்ஜியர் கமீய் ஜெனாட்சி உட்கார்ந்தார். செம்மண் நிறத் தாடியாலும் முரட்டுத்தனத்தாலும் ‘சிவப்புப் பிசாசு’ என்று பெயர் வாங்கியவர். அன்றைக்கு அவர் வண்டியை உடைக்காமல் ஓட்டினார். சராசரி மணிக்கு சுமார் 79 கிலோமீட்டர். இரண்டாவதாக வந்த பிரான்சின் டி க்னிஃபைவிடப் பத்து நிமிடத்துக்கும் மேல் முந்தினார். பிரெஞ்சு கார்கள் மூன்றும் முடித்தன, அமெரிக்கக் கார்களில் ஒன்றுகூட முடிக்கவில்லை. ஜாரட் விபத்தில் வெளியேறினார். எட்ஜ் முடித்தும் தகுதியிழந்தார்.

கோப்பை ஜெர்மனிக்குப் போனது. ஆனால் அதைவிடப் பெரிய வெற்றி சாலையை அடைத்தவர்களுக்குத்தான். காரின் வேகத்தைக் குறைக்காமலே பந்தயத்தை நடத்த முடியும் என்று காட்டினார்கள். 1904இல் மேன் தீவும் இதேபோல் சட்டம் கொண்டுவந்தது. 1907இல் அங்கே தொடங்கிய மோட்டார் சைக்கிள் பந்தயம், டிடி என்ற பெயரில், இன்றும் பொதுச்சாலையை அடைத்தே நடக்கிறது.