அளந்து பேசுவதும் அளப்பதும்

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு ‘அளத்தல்’ என்னும் சொல் இரு வகையில் பயன்படுகிறது. “அளந்து பேசு” என்றால் நிதானமாகப் பேசு என்பது பொருள். “சும்மா அளக்கிறான்” என்றாலோ, இல்லாததையும் கூட்டிச் சொல்கிறான் என்பது பொருள். ஒருவனுடைய நாணயத்துக்கும் அவனுடைய புளுகுக்கும் ஒரே வினைச்சொல் பெயராகி நிற்பது வேடிக்கைதான். களத்தில் மரக்காலும் கையுமாக நின்று, முதல் அளவை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்கிய நம் முன்னோர், நெல் விஷயத்தில் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டார்கள். இன்றும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காடா, 19 விழுக்காடா என்று கருவி காட்டும் எண்ணுக்கு முன்னால் எவருடைய வாய்ச்சாலமும் எடுபடுவதில்லை. சொல்லை மட்டும்தான் நாம் தலைதட்டாமல் அள்ளிக் கொட்டுகிறோம்.

காப்பி நன்றாயிருந்தால் ‘பயங்கரம்’. திரைப்படம் பிடித்திருந்தால் ‘மரண மாஸ்’. பேருந்து பத்து நிமிடம் தாமதித்தால் ‘செத்தே போனேன்’. கைப்பேசியில் ஒருவர் தம் பேரக்குழந்தையின் படத்தை அனுப்பினால், அடுத்த நொடியில் நாற்பது பேர் ‘வேற லெவல்’ என்கிறார்கள். கல்யாண வீட்டில் உண்டு முடித்து, “சாப்பாடு நன்றாக இருந்தது” என்று சொல்லிப் பாருங்கள். “ஏன், ஏதும் குறையா?” என்று பெண்ணின் தகப்பனார் கலங்கிப் போகிறார்!

இளைஞர்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. நம் பங்குகளின் சுவரொட்டிகளைப் பார்ப்போம். ஆண்டுதோறும் நடக்கும் தேர்பவனி ஆண்டுதோறும் ‘வரலாறு காணாத’ தேர்பவனியாகிறது. இறந்தவர் எவராயினும் ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’தான். யூபிலி மலர்களில் இமயமும் ஞாயிறும் எத்தனை பேருக்குத்தான் உவமையாவது? காணாமற்போன சாவிக்கொத்து கிடைத்துவிட்டால் அதுவும் ‘புதுமை’. வேளாங்கண்ணியில் மோர் விற்ற, நடக்க இயலாத சிறுவன் அன்னையின் அருளால் எழுந்து நடந்ததாக வழிவழியாகச் சொல்லி வருகிறோமே, அதற்கும் நம்மிடம் இந்த ஒரே சொல்தான் இருக்கிறது.

மிகைப்படுத்துவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. உயர்வு நவிற்சி நம் மொழிக்கு அணி. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைப் பாட வந்தபோது, நம் மருத நிலத்தைப் போலவே நீரும் நெல்லும் மலிந்த நாடாகப் பாடினார். அதைப் படித்து ஏமாந்தவர் எவருமில்லை. பாடுபவரும் கேட்பவரும் உடன்பட்டுச் செய்துகொண்ட மிகை அது. அதற்கும் இலக்கணிகள் எல்லை கட்டினார்கள். அதிசய அணிக்கு இலக்கணம் கூறும் தண்டியலங்காரம், அது உலக வரம்பைக் கடவாமலும் சான்றோர் வியக்கும்படியும் அமைய வேண்டும் என்கிறது. வரம்பு என்பது வயலின் வரப்புக்கும் பெயர். வரப்பு உடைந்த வயலில் நீர் நிற்பதில்லை என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மலைப்பொழிவில் ஆணையிடுதல் பற்றிப் போதித்த ஆண்டவர், ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் மேல் ஒன்றும் வேண்டாம் என்றார் (மத்தேயு, 5ஆம் அதிகாரம்). இதைப் பொய்யாணைக்கு எதிரான போதனையாக மட்டுமே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் மனிதன் ஏன் ஆணையிடுகிறான்? வெறும் சொல்லைப் பிறர் நம்பமாட்டார்கள் என்ற அச்சத்தால்தான். இன்றைய மிகைப்பேச்சும் அதே அச்சத்தின் பிள்ளையென்றே நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் குரலை உயர்த்த, அடுத்தவர் அதற்கும் மேலே உயர்த்த வேண்டியதாகிறது.

இது வெறும் ரசனைக் குறைவு என்றால் விட்டுவிடலாம். நம் கடற்கரையில் நடந்ததை நினைத்தால் விட மனம் வரவில்லை. திருவிழா அறிவிப்புகளில் ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்’ என்று அச்சிட்டு வந்தவர்கள் நாம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிறு காலையில் அலைகடல் மெய்யாகவே வந்தது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளையும் அது விடவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘சுனாமி’ என்ற சொல்லை அன்றுதான் நம் மக்களில் பெரும்பாலோர் முதன்முதலாகக் கேட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அச்சொல் தேர்தல் மேடைக்கும் திரைப்பட விளம்பரத்துக்கும் போய்விட்டது. ‘ஆதரவுச் சுனாமி’ என்றார்கள். ‘வசூல் சுனாமி’ என்றார்கள். அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணில் அச்சுவரொட்டி படுமே என்று ஒட்டியவர் எண்ணியிருப்பாரா? மற்றொருவரின் கல்லறையிலிருந்து எடுத்த சொல் அல்லவா அது!

அந்தக் கரையோரத் தாய்மார் அந்நாளைப் பற்றிப் பேச நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் பேச்சில் ஆழிப்பேரலை வந்ததில்லை. ‘வரலாறு காணாத’ என்பதும் வந்ததில்லை. “கடல் உள்ள வந்திச்சு. கையப் புடிச்சிருந்தேன். புள்ளையக் காணோம்” என்பார்கள். அதற்குப் பிறகு அவர்களும் பேசமாட்டார்கள், நாமும் கேட்கமாட்டோம்.